குறும்பன் யார்?

குறும்பன் என்ற சொல்லைக் கேட்டால் எவருக்கும் சினம் வருவதில்லை, சிரிப்பு வருகிறது. பாட்டியின் மூக்குக் கண்ணாடியை ஒளித்து வைத்துவிட்டு, பாட்டியோடு சேர்ந்து தானும் தேடுகின்ற பேரன் குறும்பன். தூங்குகின்ற தாத்தாவின் குடுமியைச் சன்னல் கம்பியோடு முடிந்துவிட்டு ஓடுகின்ற பையன் குறும்பன். பல்லாங்குழி ஆடும்போது இரண்டு சோழியை மடியிலே மறைக்கின்ற தங்கை குறும்புக்காரி. அடிக்க ஓங்கிய கை பாதி வழியிலே நின்று, அணைக்கும் கையாக மாறிவிடும். அப்படி மாற்றுகின்ற மந்திரம் அந்தச் சொல்லில் இருக்கிறது. இன்றைய வீடுகளில் 'வாலு' என்றும் 'சேட்டை' என்றும் சொல்வது பெருகிவிட்டது. குறும்பன் சற்றே பழையவனாகி, கதைப் புத்தகத்திலும் பாட்டிமார் வாயிலும் ஒதுங்கியிருக்கிறான். ஆயினும் அவனை வெறுப்பவர் யாரும் இலர்.

இத்துணை இனிய சொல்லோடு நமக்கு என்ன வழக்கு? கண்டிக்கப் புராணம் இருக்கிறது, கடிந்து பேசச் சாத்திரம் இருக்கிறது, பிள்ளையைக் கொஞ்சும் சொல்லையுமா இந்தப் பகுத்தறிவுக்காரர்கள் கூண்டில் ஏற்ற வேண்டும் என்று கேட்பார்கள். கூண்டில் அவன் என்றோ ஏற்றப்பட்டுவிட்டான், தோழர்களே! வழக்கு நடந்து, தீர்ப்பும் எழுதப்பட்டு, தண்டனையும் கொடுத்தாகிவிட்டது. எதிர்வழக்காட அவனுக்கு வாய் இல்லை. அந்தத் தீர்ப்பைத்தான் நாம் மறுபடியும் படித்துப் பார்க்கிறோம்.

அரணுக்குள் இருந்தவன்

சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் அகராதியில் 'குறும்பு' என்ற இடத்தைப் புரட்டுங்கள். சேட்டை என்னும் பொருளோடு அரண், குறுநில மன்னர், பாலைநிலத்து ஊர் என்னும் பொருள்களும் ஒரே கூரையின் கீழ்க் குடியிருக்கக் காணலாம். தமிழ் கற்றவர்க்கு இது புதிதும் அன்று. குறிஞ்சிக்குச் சிறுகுடி, முல்லைக்குப் பாடி, மருதத்துக்குப் பேரூர், நெய்தலுக்குப் பாக்கம், பாலைக்குக் குறும்பு என்று கருப்பொருள்களை நெட்டுருப் போட்டவர்கள்தாமே நாம்! தேர்வு முடிந்தது, மறந்துவிட்டோம்.

குறும்பு என்பது ஓர் ஊர். கல்லும் முள்ளும் காடும் மேடுமாகக் கிடந்த நிலத்திலே, பெருவேந்தர் குடையின் கீழ் நிற்காமல், சிறு அரண் அமைத்துக்கொண்டு வாழ்ந்தவர்களின் ஊர். அந்த அரணுக்கும் அதுவே பெயர். அதற்குள் இருந்தோர் குறும்பர். குறுநிலம், குறுங்காடு, குறும்பொறை என்ற சொற்களோடு உறவு கொண்டாடும் பெயர் அது. சிறுமையைச் சுட்டுகிறது, ஆனால் அந்தச் சிறுமை அளவைப் பற்றியது. குணத்தைப் பற்றிய பேச்சே அதில் இல்லை.

அளவில் சிறியது குணத்தில் தீயதாக ஆனது எவ்வாறு? திருக்குறளில் நாடு என்னும் அதிகாரத்தின் 735ஆம் குறளைப் பாருங்கள். நல்ல நாட்டில் இருக்கக்கூடாத மூன்றை வள்ளுவர் எண்ணுகிறார். பிளவுண்ட பல குழுக்கள் ஒன்று. உள்ளிருந்தே பாழாக்கும் பகை ஒன்று. மூன்றாவதாக வந்து நிற்பது குறும்பு. வேந்தனை வருத்துவதும் கொலைத் தொழில் உடையதுமான குறும்பு. சமயம் பார்த்து அரசனை அலைக்கும் குறும்பர் என்று பரிமேலழகர் உரை விரிக்கிறார். அரண்மனை மாடத்தில் நின்று பார்த்தால் காட்டு அரண் அப்படித்தான் தோன்றும். காட்டு அரணின் மேல் நின்று பார்த்தவன் கண்ணுக்கு அரண்மனை எப்படித் தோன்றியதோ! அதைச் சொல்லும் ஓலை நம் கைக்கு வரவில்லை. ஓலை எழுதுவோரும் ஓலை காப்போரும் பரிசில் பெற்றது அரண்மனையில், காட்டரணில் அன்று.

இதனால் நாம் வள்ளுவரைக் குறை கூறுவதாக எவரும் கொள்ள வேண்டா. வழிப்பறியும் கொலையும் யார் செய்தாலும் நாட்டுக்குக் கேடு. குறும்பர் எல்லாரும் மாசு மறுவற்ற மாணிக்கங்கள் என்று பரணி பாடவும் நாம் புறப்படவில்லை. பழங்காலம் முழுவதையும் பொற்காலமாக்கி மயங்குவது பகுத்தறிவுக்குப் பொருந்தாது. நாம் கேட்பது ஒரே ஒரு கேள்வி. குறும்பன் கவர்ந்தால் குறும்பு; வேந்தன் கவர்ந்தால் என்ன பெயர்?

வெட்சி சூடியவன்

பெயர் இருக்கிறது. மணமில்லாவிட்டாலும் நிறமுள்ள பூவின் பெயர், வெட்சி. பகைப்புலத்து ஆநிரையை இரவோடு இரவாகக் கவர்ந்து வருவதற்குத் தொல்காப்பியம் வகுத்துத் தந்த திணை அது. வேந்தன் ஏவலால் மறவர் புறப்படுவர். நற்சொல் கேட்பர். ஒற்றர் சென்று உளவறிந்து வருவர். ஊரை வளைப்பர், காவலரைக் கொல்வர், மாடுகளை ஓட்டிவருவர், மன்றத்திலே நிறுத்திப் பங்கிடுவர், கள்ளுண்டு களிப்பர். ஒவ்வொரு படிக்கும் ஒரு துறை, ஒவ்வொரு துறைக்கும் ஒரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உரை! போரிலே மாண்டவனுக்கு நடுகல்லும் உண்டு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட பழந்தமிழ் எழுத்துப் பொறித்த நடுகல் ஆகோள் பூசலைத்தான் குறிப்பிடுகிறது. ஆகோள் என்றால் மாடு பிடித்தல். கல்வெட்டிலே 'கோள்' என்று கம்பீரமாக நிற்கும் அதே செயல், காவல் நிலையத்து ஏட்டிலே என்ன பெயர் பெறும் என்பதை உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

இரவு ஒன்றே. மாடும் ஒன்றே. காவலன் உயிர் துடித்து அடங்குவதும் ஒன்றே. வேந்தன் விடுத்தவன் போனால் அது திணை. விடுப்பாரின்றித் தானே போனவனைச் சொல்லும்போது அது தீமை. ஒன்றுக்கு இலக்கணம் எழுதினர். மற்றொன்றுக்கு வசை எழுதினர். செயல் சொல்லைத் தீர்மானிக்கவில்லை. செய்தவன் யார் என்பதே தீர்மானித்தது.

தோற்றவன் பெயர்

தொண்டை மண்டலத்துக்கு வருவோம். அதன் பழைய பிரிவுகள் 24 கோட்டங்கள். அவற்றுள் புழல் ஒன்று. அங்கே கோட்டை கட்டி ஆண்டவர் குறும்பர் என்பது வழிவழிக் கதை. காலின் மெக்கன்சி 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திரட்டிய சுவடிகளிலும் அந்தக் கதை இடம் பெற்றிருக்கிறது. தொண்டைமான் படை கொண்டு வந்தான், முதலில் குறும்பரிடம் தோற்றான், பின்னர் இறைவனே துணைக்கு வந்தமையால் வென்றான் என்பது வடதிருமுல்லைவாயில் தலபுராணம். படைத்துணையாக அனுப்பப்பட்ட நந்தி, இறைவனுக்கு முதுகு காட்டி, போருக்குப் புறப்பட்ட கோலத்தில் அங்கே அமர்ந்திருக்கிறது. சந்நிதிக்கு முன்னே இரண்டு எருக்கந் தூண்கள் நிற்கின்றன. குறும்பர் கோட்டையிலிருந்து பெயர்த்து வந்தவை என்று காட்டுகின்றனர்.

தலபுராணத்தை நாம் வரலாறாக ஏற்பதில்லை. ஆனால் கதை, அதைக் கட்டியவன் மனத்தைக் காட்டிக் கொடுக்கும். மண்ணுக்காக இருவர் மோதினர், ஒருவன் வென்றான். வென்றவன் வலியவன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அது போதவில்லை. தோற்றவன் தீயவன் என்றும் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குக் கடவுள் தேவைப்பட்டார், காளை தேவைப்பட்டது, தூண் தேவைப்பட்டது. தூணைப் பெயர்த்தவர்கள் பெயரையும் பெயர்த்தார்கள். தூண் கோயிலுக்குப் போயிற்று. பெயர் வசைக்குப் போயிற்று. கோட்டை இருந்ததாகச் சொல்லும் புழலில் இன்று ஏரி இருக்கிறது; 2006இல் திறந்த மத்திய சிறையும் இருக்கிறது.

குறும்பர் என்ற பெயரோடே ஒருவர் மட்டும் பூசைக்குரியவர் ஆகியிருக்கிறார். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்து 63 நாயன்மாருள் பெருமிழலைக் குறும்பரும் ஒருவர். பெருமிழலையின் தலைவர், சுந்தரரை நினைந்து வணங்கியே சித்தி பெற்றார் என்பது கதை. கணக்கு விளங்குகிறதல்லவா? கும்பிட்ட குறும்பர் நாயனார். கும்பிடாத குறும்பர் நாட்டைக் கெடுப்போர். பெயர் ஒன்றாயிருக்க, முதுகு வளைந்ததா நிமிர்ந்ததா என்பதைக் கொண்டு பொருள் பிரிந்தது!

இதே பெயர் தாங்கிய மக்கள் இன்றும் வாழ்கின்றனர். பெயர் ஒற்றுமை ஒன்றைக் கொண்டு இவர்களே அவர்கள் என்று நாம் முடிவு கட்டவில்லை. நீலகிரிக் குறும்பர், தமிழ்நாட்டில் மிகவும் நலிவுற்ற நிலையிலுள்ள ஆறு பழங்குடிகளுள் ஒரு குடியினர். மலைப்பாறையில் தொங்கித் தேன் எடுக்கக் கற்றவர்கள். வண்ண ஓவியம் தீட்டக் கற்றவர்கள். மாடு செத்தாலும் மழலை நோயுற்றாலும் 'குறும்பன் வைத்த சூனியம்' என்று நம்பிய காலம் ஒன்று அம்மலையில் இருந்தது. 1835லும் 1875லும் 1882லும் அந்த நம்பிக்கைக்குக் குறும்பர் உயிர்கள் பலியாயின. கிருமியும் நோயும் செய்த கொலைக்கு மனிதனைப் பொறுப்பாக்கி, அவனையும் கொன்றார்கள். மூடநம்பிக்கை என்பது சிரித்துவிட்டுப் போகும் பேதைமை என்று எண்ணுவோர் இந்த ஆண்டுகளைக் குறித்து வைத்துக்கொள்ளட்டும்.

வெண்ணெய் திருடியவன்

இனி, குறும்பின் இனிய பக்கத்துக்குச் செல்வோம். நாட்டிலேயே புகழ்பெற்ற குறும்பன் யார்? கண்ணன்! அண்டை வீட்டிலே புகுந்தான். உறியிலே இருந்த வெண்ணெயைத் திருடினான். குளத்திலே நின்ற பெண்களின் ஆடைகளைக் கவர்ந்து மரத்திலே ஏறினான். ஆழ்வார்கள் உருகி உருகிப் பாடினர். வடமொழியிலே 'நவநீத சோரன்' என்று திருட்டையே திருநாமமாக்கிச் சூட்டினர். மன்னார்குடியிலே வெண்ணெய்த்தாழி விழா நடக்கிறது. ஊரே திரண்டு வெண்ணெயை வாரி வீசுகிறது. வசைச் சொல்லான 'திருடன்', அவன் தோளிலே விழுந்ததும் மாலையாகிவிட்டது. இதற்கு லீலை என்று பெயர்.

வைணவம் மட்டுமா? மதுரைக்குப் போங்கள். பரஞ்சோதியார் 64 திருவிளையாடல்களைப் பாடி வைத்திருக்கிறார். வையைக் கரை உடைகிறது. வீட்டுக்கு ஓர் ஆள் மண் சுமக்க வேண்டும் என்பது பாண்டியன் ஆணை. பிட்டு விற்கும் கிழவி வந்திக்கு ஆள் இல்லை. சிவபெருமான் கூலியாளாக வந்து, பிட்டைத் தின்கிறார். வேலை செய்யாமல் ஆடுகிறார், பாடுகிறார், படுத்துறங்குகிறார். பிறர் வேலையையும் கெடுக்கிறார். பாண்டியன் பிரம்பால் அடிக்கிறான். அந்த அடி உலகத்து உயிர்கள் அனைத்தின் முதுகிலும் விழுந்ததாம், அடித்தவன் முதுகு உட்பட! இன்றும் ஆவணி மூலத்தில் புட்டுத் திருவிழா நடக்கிறது.

கதை சுவையானதுதான். நாம் கேட்பது கதைக்கு வெளியே நிற்கும் மற்றக் கூலிகளைப் பற்றி. அதே கரையிலே, அதே வெயிலிலே, ஊதியமில்லாத அதே வேலையிலே, களைத்துப்போய்ச் சற்றே சாய்ந்த ஓர் உண்மைக் கூலியாளின் முதுகிலும் பிரம்பு விழுந்திருக்குமே! அந்த அடி யார் முதுகில் விழுந்தது? அவன் முதுகில் மட்டும் விழுந்தது. அதற்குப் படலம் இல்லை, பல்லக்கு இல்லை, பண்டாரத்துக்குப் பிட்டும் இல்லை. கடவுள் வேலையை ஏய்த்தால் திருவிளையாடல். கூலி ஏய்த்தால் சோம்பேறித்தனம். கடவுள் திருடினால் லீலை. பசித்தவன் திருடினால் களவு. வேந்தனுக்கு வெட்சி என்ற சொல்லைத் தந்த கைதான் கடவுளுக்கு லீலை என்ற சொல்லையும் தந்திருக்கிறது.

கேடியும் வில்லனும்

சொல்லாக நின்றது, சட்டமாகவும் ஆன கதை உண்டு. 'கேடி' என்று விளையாட்டாகச் சொல்கிறோமே, அது எங்கே பிறந்தது? வெள்ளையர் காலத்துக் காவல்துறை ஏட்டிலே, அறியப்பட்ட கொள்ளைக்காரன் என்று பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் கே, டி. அந்த ஏட்டில் பெயர் ஏறியவன் கேடி. ஒரு மனிதன் பெயரை ஏட்டில் ஏற்றினாலாவது, அவன் செய்தது என்ன என்று கேட்க இடமுண்டு. குடியையே ஏற்றினால்? 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. 1911இல் சென்னை மாகாணத்துக்கும் நீண்டது. குற்றப் பரம்பரை! அந்தத் தொடரை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பாருங்கள். குற்றம் செய்தவன் பிடிபடுவது போய், பிறந்தவனே குற்றவாளி என்று ஆயிற்று. கைரேகை வைக்க வேண்டும். இரவிலே காவலர் கண் முன் படுத்துறங்க வேண்டும். அடுத்த ஊருக்குப் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். மதுரைச் சீமையில் உசிலம்பட்டிக்கு அருகே பெருங்காமநல்லூர் மக்கள், ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் துப்பாக்கி முழங்கியது. மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் ஒழிந்தது. 1952இல் நாடு முழுவதும் ஒழிந்தது.

சட்டம் நடப்பில் இருந்த நாளில் அந்தக் குடிகளிலும் குழந்தைகள் பிறந்தன. அவையும் தாத்தாவின் குடுமியை இழுத்திருக்கும், பானையை உருட்டியிருக்கும், பக்கத்துத் தோப்பில் மாங்காய் அடித்திருக்கும். மாங்காய் அடித்த பண்ணையார் மகன் குறும்பன். மாங்காய் அடித்த ரேகைக்காரன் மகன்? அவனுக்குக் குறும்பு செய்யும் உரிமைகூட இல்லை. அவன் செய்வதெல்லாம் குற்றத்தின் முன்னோட்டம்! பிள்ளைப் பருவத்தையே ஒரு கூட்டத்திடமிருந்து பறிக்க ஒரு சொல்லால் முடிந்தது.

உலகமெங்கும் இந்த உத்தி ஒன்றுதான். இருக்கு வேதத்திலே பகைவரைக் குறித்த 'தஸ்யு' பின்னாளில் வடமொழியிலே கொள்ளைக்காரன் ஆயிற்று. 'தாசன்' அடிமை ஆனான். நம் திரைப்படக் கொட்டகையிலே நாம் கூச்சலிட்டு வெறுக்கும் 'வில்லன்' இருக்கிறானே, அவன் பிறந்த இடம் இலத்தீன் மொழி. பண்ணையிலே உழைத்த ஆள் என்பது அவன் பெயரின் பழம்பொருள். உழைத்தவனைத் தீயவனாக்கி, உட்கார்ந்து உண்டவனைச் சான்றோனாக்கிய கைகள் ஐரோப்பாவிலும் இருந்தன. இங்கே, கதிர் அறுத்த வயலிலே சிந்திய நெல்லைப் பொறுக்கிப் பசியாறியவனை நினையுங்கள். 'பொறுக்கி' என்பதை நாம் எந்தப் பொருளில் வழங்குகிறோம்? வயலுக்கு உரியவனைத் திட்ட ஒரு சொல் நம் நாவிலே எளிதில் வருவதில்லை. வயலிலே சிந்தியதைப் பொறுக்கியவன் பெயரே திட்டாகிவிட்டது!

திரைப்படமும் இந்தக் கணக்கைக் கற்றுக்கொண்டது. 2007இல் வெளிவந்த 'போக்கிரி' படத்தின் தலைவன் அடிக்கிறான், உதைக்கிறான், கொல்கிறான், கொட்டகை ஆர்ப்பரிக்கிறது. முடிவிலே அவன் காவல்துறை அதிகாரி என்று தெரியவருகிறது. போக்கிரிக்குப் பதவி கிடைத்ததும் போக்கிரித்தனம் கடமையாகிவிடுகிறது. பதவி இல்லாத போக்கிரிக்கு அந்தப் படத்திலும் துப்பாக்கிக் குண்டுதான்.

மறுப்பும் விடையும்

சொற்கள் பொருள் மாறுவது மொழியின் இயல்பு, இதற்குப் போய் இவ்வளவு பதற்றமா என்பர் பண்டிதர். மாறுவது இயல்புதான். பழந்தமிழில் நறுமணத்தைக் குறித்த நாற்றம் இன்று முகஞ்சுளிக்க வைக்கிறது. அதனால் எந்த மலரும் அழவில்லை. ஆனால் மனிதக் கூட்டத்தின் பெயர் வசையாக மாறும்போது, அந்தப் பெயரைச் சுமந்து தெருவில் நடக்கும் மனிதன் இருக்கிறான். பள்ளியிலே வருகை அழைக்கும்போது அந்தப் பெயருக்குக் குரல் கொடுக்கும் பிள்ளை இருக்கிறது. பூவின் மாற்றமும் பிள்ளையின் மாற்றமும் ஒன்று என்று கருதுகிற இலக்கணம் நமக்கு வேண்டா.

சொல்லை மாற்றினால் வாழ்வு மாறிவிடுமா என்று கேட்போரும் உண்டு. மாறிவிடாது, மாறத் தொடங்கும். இழிவாக வழங்கிய பெயர்களை அரசு ஏட்டிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர் என்று எழுத வேண்டும் என எம். சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்திலே தீர்மானம் கொண்டுவந்தது 1922இல். அன்றும் இதே கேள்வியைக் கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். பள்ளிகளின் பெயரில் சாதிப் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கலாகாது என்று நீதியரசர் சந்துரு குழு அரசுக்குப் பரிந்துரைத்தது 2024இல். தீண்டாமையின் அடையாளமாகிவிட்ட 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தது 2025 ஏப்ரலில். 1922க்கும் 2025க்கும் இடையே நூறாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அகராதியைச் சலவை செய்வது அவ்வளவு கடினமான வேலை. கறை துணியில் மட்டும் இருந்தால் என்றோ போயிருக்கும். அது நெஞ்சிலே இருக்கிறது.

அரசு ஆணை எட்டாத இடங்கள் இரண்டு உண்டு. ஒன்று நம் மேடை. பகைவனைத் தாக்கச் சொல் தேடும்போது, ஏழையின் தொழிலையும், அலைந்து திரிவோனின் பெயரையும், ஒடுக்கப்பட்ட குடியின் பெயரையும் கல்லாக எடுத்து எறியும் பழக்கம் முற்போக்கு மேடைகளையும் விட்டுவைக்கவில்லை. 'சண்டாளன்' என்று முழங்கினால் கைதட்டல் கிடைக்கலாம். அந்தப் பெயரில் ஒரு சாதி தமிழ்நாட்டின் பட்டியலிலே இன்றும் இருக்கிறது என்பதைக் கைதட்டியவர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆதிக்கத்தை எதிர்த்து எறிந்த கல், அடிமைப்பட்டவன் மண்டையில் விழலாமா? கயவர் என்று திட்ட வேண்டுமானால் வள்ளுவர் வழி இருக்கிறது. தோற்றத்திலே கயவரும் மற்ற மக்களைப் போலவே இருப்பர் என்று சொல்லி, பிறப்பை விட்டு நடத்தையைக் கொண்டே அவர் கயமையை அளந்தார். செயலைச் சுட்டித் திட்டுவோம். சேரியைச் சுட்டித் திட்ட வேண்டா.

மற்றோர் இடம் வகுப்பறை. கரும்பலகையின் முன் நிற்கும் நாம் நாள்தோறும் சொற்களைப் பங்கிடுகிறோம். கணக்குப் பாடத்தின் போது காகித அம்பு விடுகிறான் ஒருவன், அவன் தந்தை வந்து நாற்காலியில் அமர்ந்து பேசக்கூடியவர், அவன் 'குறும்பன்'. அதே அம்பை விடுகிறான் மற்றொருவன். அவன் தாய் வாசற்படிக்கு வெளியே நின்று பேசுகிறவர். அவன் 'காலி', 'ரவுடி', 'உருப்படாதவன்'. காகிதம் ஒன்று, அம்பு ஒன்று, பாடம் ஒன்று. முதலாமவன் சிரித்துக்கொண்டே அமர்கிறான். இரண்டாமவன் அந்தச் சொல்லைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறான். பத்து முறை சொன்னால் அவனே நம்பிவிடுகிறான். பள்ளி மாற்றுச் சான்றிதழிலே 'மாணவரின் ஒழுக்கமும் பண்பும்' என்று ஒரு கட்டம் இருக்கிறதே, அதை நிரப்பும் பேனாவின் முனையிலே வெட்சியும் குறும்பும், லீலையும் களவும், இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கமாக வந்து உட்கார்ந்திருக்கின்றன.

ஆகவே, குறும்பன் என்ற சொல்லை ஒழித்துவிடுங்கள் என்று நாம் சொல்லவில்லை. ஓங்கிய கையை அணைக்கும் கையாக்கும் சொல்லை இழக்க யார் விரும்புவர்? கோட்டையிலே பிறந்து, கொலைப்பழி சுமந்து, குழந்தையின் கன்னத்திலே வந்து முத்தமாக முடிந்த சொல் அது. அந்த முத்தம் சில கன்னங்களுக்கு மட்டும் கிடைப்பதைத்தான் எதிர்க்கிறோம். இளைஞர்களே, ஒரு வாரம் உங்கள் செவியைத் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலே, உங்கள் பள்ளியிலே, உங்கள் வீட்டிலே, எந்தப் பிள்ளை எதைச் செய்தபோது எந்தச் சொல் விழுந்தது என்று குறித்துப் பாருங்கள். செயல் ஒன்றாயிருந்து சொல் இரண்டாகும் இடம் வரும். அங்கே தலையிடுங்கள். 'அவனும் குறும்பன்தான், ஐயா' என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு அந்தப் பிள்ளை பல நாளாகக் காத்திருக்கிறான்.